கீபோர்டுக்குத் தைத்த சட்டை

"இந்த வீட்டுல இனிமே யார் தயவும் எனக்கு வேண்டாம்!"

ஞாயிற்றுக்கிழமை காலை, முகம் கழுவிய ஈரம் மீசையில் காய்வதற்குள் என் வீட்டுக்காரர் இப்படி ஓர் அறிக்கை விட்டார். கூட்டத்தில் இருந்தது இரண்டே பேர். நானும் கம்ப்யூட்டரும். நான் "சரிங்க" என்றேன். கம்ப்யூட்டர் "பீப்" என்றது.

அந்த "பீப்"தான் அன்றைய பிரச்சினை.

வழக்கமாக ஸ்விட்சைப் போட்டால் அது கொஞ்சம் முனகும், பிறகு சின்னதாக ஒரு பாட்டுப் பாடும், திரையில் எங்கள் பேத்தி பொக்கை வாயோடு சிரிப்பாள். அன்றைக்குப் பேத்தி வரவில்லை. நீல நிறத்தில் ஒரு பக்கம் வந்தது. அதில் வரிசை வரிசையாக வெள்ளை எழுத்து. கூடவே விடாமல் பீப், பீப், பீப்.

"என்னங்க, அது ஏன் அழுவுது?"

"அழலை. எச்சரிக்கை பண்ணுது."

"என்னன்னு?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இப்படி நிக்கிறேன்?"

அவர் நிற்பதற்குக் காரணம் இருந்தது. பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவரைப் பெற்றதே தவிர, அவர் ஓய்வைப் பெறவில்லை. எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு இப்போது அவர்தான் செயலாளர். மறுநாள் காலை ஆண்டுக் கூட்டம். அதில் படிக்க வேண்டிய அறிக்கையை ஒற்றை விரலால், மாதக்கணக்கில், எழுத்து எழுத்தாகத் தட்டி உள்ளே வைத்திருந்தார். அறிக்கை உள்ளே. அவர் வெளியே. நடுவில் நீலப் பக்கம்.

"தம்பிக்கு ஒரு போன் போட்டா..." என்று ஆரம்பித்தேன்.

"யார் தயவும் வேண்டாம்னு இப்பத்தானே சொன்னேன்?"

தம்பி என்று நான் சொன்னது எங்கள் மகனை. தூர தேசத்தில் இருக்கிறான். வேலையே கம்ப்யூட்டரில்தான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தையை வாங்க இவர் ஒரு வார்த்தை பேச வேண்டுமே! அப்பாவும் பிள்ளையும் பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது. போனில் ஏதோ விளக்கிக்கொண்டே வந்தவன், வாய் தவறி, "விடுங்கப்பா, உங்களுக்குப் புரியாது" என்றுவிட்டான். அவ்வளவுதான். இவர் போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். "எனக்குப் புரியாதாம்! இவனுக்கு வலது செருப்பு எது, இடது செருப்பு எதுன்னு தெரியாத வயசுல, நான் ஒரு ஊரையே நேரத்துக்கு ஓட வெச்சவன்!"

அன்றிலிருந்து நான்தான் தபால்காரி. அவன் என் போனுக்குக் கூப்பிடுவான். "அப்பா சாப்பிட்டாரா?" என்பான். பக்கத்திலேயே இருப்பார். "சாப்பிட்டேன்னு சொல்லு" என்பார். நானும் சொல்வேன். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. அந்த மூக்குக்கு மேலேயேதான் கோபமும். ராத்திரி கண்ணை மூடி வேண்டிக்கொள்ளும்போதெல்லாம், "கடவுளே, இந்த ரெண்டு பேரையும் ஒரே ஒரு தடவை பேச வெச்சுடு, அதுக்கப்புறம் அவங்களே பேசிக்குவாங்க" என்பதுதான் என் முதல் விண்ணப்பம். முட்டிவலி இரண்டாவதுதான்.

கம்ப்யூட்டர் கதைக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு எதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் பிளக். அடுத்தது சுவரில் ஸ்விட்ச். பிறகு பெட்டியில் பட்டன். பிறகு கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பேத்தி சிரித்த பிறகுதான் கீபோர்டு மேலே இருக்கும் துணி உறையைக் கழற்ற வேண்டும். "அதுக்கு முன்னாடி கழட்டினா என்னங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "வேலை இல்லாத நேரத்துல அது ஏன் தூசி சாப்பிடணும்?" என்றார். தூசிதான் அவருடைய ஒரே எதிரி. மேல் வீட்டுக்காரர் இரண்டாவது எதிரி.

பழைய உறை தொளதொள என்று கிழிந்துபோயிருந்தது. அந்த வாரம்தான் ஜன்னல் திரை தைத்து மிஞ்சிய துணியில் புதிதாக ஒன்று தைத்தேன். சுற்றிலும் எலாஸ்டிக் வைத்து, இழுத்துப் பிடித்து, பூப்போட்ட சட்டை மாதிரி. மாட்டிப் பார்த்துவிட்டு, "பேஷ்! தோல் மாதிரி ஒட்டிக்கிச்சு. ஒரு துரும்பு உள்ளே போகாது" என்று மெச்சினார். அவர் மெச்சுவது அபூர்வம். அதனால் நானும் முந்தின நாள் ராத்திரி இன்னொரு சுற்று எலாஸ்டிக் வைத்துக் கொடுத்தேன்.

காலை முழுவதும் போர் நடந்தது. எல்லா ஒயரையும் பிடுங்கித் திரும்பச் செருகினார். பீப். பெட்டியின் விலாவில் தட்டினார். பீப். மூடியைத் திறந்து, சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பால் உள்ளே ஊதினார். உள்ளே இருந்த தூசி எல்லாம் நான் துவைத்து மடித்து வைத்திருந்த துணி மேல் குடிவந்தது. மறுபடி ஸ்விட்ச். பீப், பீப்.

"என்னதான்டா உனக்கு வேணும்?" என்று அதனிடமே கேட்டார், லேட்டாக வந்த டிரைவரைக் கேட்கிற தோரணையில். பதில் வராததால், உறையின் ஓரத்தைத் தூக்கி, உள்ளே ஒரு விரலை மட்டும் நுழைத்து, ஏதோ ஒரு கீயை அமுக்கினார். நீலப் பக்கத்தில் ஒரு வரி வெள்ளையாக மின்னியது. வெடித்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஏங்க, உறையைக் கழட்டிட்டுத்தான் அமுக்குங்களேன்."

"பேத்தி வந்தாளா?"

"இல்லை."

"அப்ப உறை எப்படி வரும்?"

வாசலில் மணி அடித்தது. மேல் வீட்டுக்காரர். சங்கத்தின் பொருளாளர். செயலாளர் நாற்காலி மேல் அவருக்கு ஒரு கண். இன்னொரு கண் எங்கள் வீட்டு மேல்.

"என்ன சார், காலையிலேர்ந்து பீப் பீப்புன்னு மேல வரைக்கும் கேக்குது?"

"அதுவா... அலாரம் சார்."

"இவ்வளவு நேரமாவா?"

"எங்க வீட்டுல கொஞ்சம் ஆழ்ந்த தூக்கம்" என்று என்னைக் காட்டினார். நான் கையில் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

"அறிக்கை ரெடிதானே? இல்லைன்னாச் சொல்லுங்க, நான் என் கம்ப்யூட்டர்ல தட்டிடறேன். என்ன, என் பேரைக் கீழே போட்டுக்குவேன்."

"ரெடி சார்! அச்செடுக்கிறதுதான் பாக்கி."

கதவைச் சாத்திவிட்டு வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் கடை ஏதாவது திறந்திருக்கிறதா என்று பார்க்கக் கிளம்பினார். கிளம்புகிற அவசரத்தில் அதை அணைக்கவில்லை. வீட்டில் நானும் அந்த பீப்பும்.

சத்தம் தாங்கவில்லை. கிட்டே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். உறையின் ஒரு மூலையில் தையல் பிரிந்த மாதிரி தெரிந்தது. தைத்தவளுக்குக் கண் அங்கேதானே போகும்? மூலையைப் பிடித்து இழுத்தேன். எலாஸ்டிக் கையை விட்டுப் போனது. உறை முழுசாகக் கழன்று என் மடியில் விழுந்தது.

பீப் நின்றுவிட்டது.

எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. பட்டனை அமுக்கத் தெரியும். அமுக்கி அணைத்தேன். திரும்ப அமுக்கினேன். முனகியது. அந்த நேரம் பார்த்து என் போன் மணி அடித்தது. மகன்.

"அம்மா, சாப்பிட்டியா?"

"இல்லடா கண்ணா. அப்பா கடைக்குப் போயிருக்கார். இந்தக் கம்ப்யூட்டர் காலையிலேர்ந்து ஓடலைன்னு..." சொல்லும்போதே அது பாட்டுப் பாடியது. திரையில் பேத்தி! பொக்கை வாய்! எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

அவன், "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாமேம்மா" என்றான்.

"கேக்க மாட்டாரே."

"ம்."

அந்த "ம்" எனக்குப் புதிதல்ல. சின்ன வயதில், அப்பா டிப்போவிலிருந்து வர நேரமாகும் நாளில், தூங்காமல் படுத்துக்கொண்டு இதே "ம்"தான் போடுவான். "சரிம்மா, வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டான்.

நான் பேத்தியைப் பார்த்தேன். மடியில் கிடந்த உறையைப் பார்த்தேன். என் இழுத்துத் தைத்த எலாஸ்டிக், ஓரத்துக் கீயை எல்லாம் அமுக்கிப் பிடித்திருக்கிறது. யாரோ விடாமல் அமுக்குகிறார்கள் என்று அந்தப் பெட்டி கத்தியிருக்கிறது. இவ்வளவுதான் நோய். வைத்தியம் என் மடியில்.

இவர் வந்ததும் சொன்னால், அறிக்கை வெளியே வந்துவிடும். மகனை இனி எதற்கும் கூப்பிட வேண்டாம்.

சொல்லாவிட்டால்?

நான் பொய் சொல்லுகிறவள் இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன். "கடவுளே, வாயைத் திறந்தா பொய் வரக்கூடாது. திறக்காம இருந்தா அது பொய்யில சேராதுதானே?" பதில் வரவில்லை. மறுக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். கம்ப்யூட்டரை அணைத்தேன். உறையைத் திரும்ப மாட்டினேன். மூலை மூலையாக, நன்றாக இழுத்துவிட்டு.

வியர்க்க விறுவிறுக்க வந்தார். "ஒரு கடை திறக்கலை. போன் விக்கிற கடைக்காரன் ஒருத்தன்தான் இருந்தான். வயசாயிடுச்சு சார், மாத்திடுங்கன்னான். கம்ப்யூட்டருக்கா, எனக்கான்னு கேட்டேன். பதில் சொல்லலை."

சாப்பிட்டார். சோறு இறங்கவில்லை. மறுபடி ஸ்விட்ச் போட்டார். மறுபடி நீலம். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்லச் சொன்னார்:

"ஏம்மா... இந்த உறையைக் கழட்டிட்டு ஒரு தடவை பார்க்கலாமா?"

பார்க்கக் கூடாது என்று சொன்னால் பொய். பார்க்கலாம் என்று சொன்னால் போச்சு.

"உங்க வரிசைப்படி உறை கடைசியில்தானேங்க?"

"ஆமா."

"வரிசையை நீங்க என்னிக்கும் மாத்தினதில்லையேங்க?"

நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதான் சரி. வரிசையை மாத்தினா வண்டி குடைசாய்ஞ்சுடும்." கை உறையை விட்டு விலகியது.

"அப்ப மேல் வீட்டுக்காரரையே வரச்சொல்லட்டுமா?" என்றேன்.

"அவனையா? நாளைக்குக் கூட்டத்துல எழுந்து நின்னு, செயலாளருக்குக் கம்ப்யூட்டரைத் திறக்கத் தெரியலை, நான்தான் திறந்து வெச்சேன்னு மைக்ல சொல்லுவான்."

"சொல்லுவார்தான்."

கூடத்தில் ஒரு நடை போனார். வந்தார். ஜன்னலைப் பார்த்தார். என் போனைப் பார்த்தார். பார்க்காத மாதிரி ஜன்னலைப் பார்த்தார்.

"உன் பிள்ளையைக் கேளு."

என் பிள்ளையாம்! மார்க் நல்லா வாங்கினால் மட்டும் அவர் பிள்ளை.

"நீயா கேக்கிற மாதிரி கேளு. நான் இங்க இருக்கேன்னு சொல்லாதே."

போட்டேன். ஒரு மணிகூட முழுசாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டான். ஸ்பீக்கரில் வைத்தேன்.

"தம்பி, கம்ப்யூட்டர்ல நீலமா வருதுடா."

"என்ன எழுதியிருக்கும்மா?"

"வெள்ளையா எழுதியிருக்கு."

"என்னன்னு?"

"நிறைய."

இவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"பின்னாடி ஒயர் எல்லாம் சரியா இருக்கா பாரும்மா."

"இருக்கு. ஒண்ணு கறுப்பு, ஒண்ணு அதைவிடக் கறுப்பு."

"எந்த ஒயர் எங்க போகுது?"

"எல்லாம் பின்னாடிதான் போகுது."

நான் நடிக்கவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் நேரத்துக்கு ஒரு ஊரையே ஓட வைத்தவரால் இதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. போன் என் கையிலிருந்து பறந்தது.

"ஹலோ! செயலாளர் பேசறேன்."

அந்தப் பக்கம் என் மகன் குரல், ரொம்பப் பணிவாக: "சொல்லுங்க சார்."

"பெட்டி ஓடலை. ஒயர் எல்லாம் நானே கழட்டி மாட்டிட்டேன். வரிசையா."

"எந்த வரிசையில சார்?"

சொன்னார். பிளக், ஸ்விட்ச், பெட்டி, ஒன்று விடாமல். அவன் நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "நல்லாப் பண்ணியிருக்கீங்கப்பா. எங்க ஆபீஸ்ல படிச்சு வந்தவங்களே இப்படி வரிசையாப் பண்ண மாட்டாங்க" என்றான். சார் எப்போது அப்பாவானது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. இவர் முதுகு நிமிர்ந்தது.

பிறகு அந்த ஒயரைப் பாருங்கள், இந்த ஒயரைப் பாருங்கள் என்று அவன் சொல்வதும், இவர் முட்டிபோட்டு மேஜைக்கு அடியில் போவதும், அங்கிருந்தே கத்துவதும். பேச்சு எங்கெங்கோ போனது.

"பாப்பாவுக்குப் பல் வந்துடுச்சாடா?"

"ரெண்டு வந்துடுச்சுப்பா. கடிக்கிறா."

"யாருமே எனக்குச் சொல்லலையே!"

நான் பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன். தபால்காரி சொன்னதெல்லாம் கணக்கில் வராதாம்.

மேஜைக்கு அடியில் இருக்கும்போதுதான் அவன் அதைச் சொன்னான். முகத்தைப் பார்க்க முடியாத இடம் என்பதால் இரண்டு பேருக்கும் வசதியாகப் போயிற்று.

"அப்பா... அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"என்னிக்கு?"

"அன்னிக்குத்தான்."

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையேடா."

முப்பது வருஷத்துக்கு முந்தி எந்த பஸ் எத்தனை நிமிஷம் லேட் என்று இன்றைக்கும் சொல்கிற மனுஷன். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். கழுவுவதற்குப் பாத்திரம் ஒன்றும் இல்லை.

திரும்பி வந்தபோது மகன் கேட்டுக்கொண்டிருந்தான். "பீப் விடாம வந்துக்கிட்டே இருக்காப்பா? அப்படின்னா ஏதோ ஒரு கீ அழுந்தியிருக்கு. கீபோர்டு மேல ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்லையேடா. சுத்தமா இருக்கு. உறைதான் இருக்கு."

"..."

"..."

முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. இங்கே இவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அங்கே அவன் போன் வழியாகச் சிரிக்கிறான். சிரித்துச் சிரித்து இவருக்கு இருமல் வந்துவிட்டது. உறையைக் கழற்றினார். ஸ்விட்சைப் போட்டார். முனகல், பாட்டு, பேத்தி.

"வந்துட்டாடா, வந்துட்டா! எல்லாம் உங்க அம்மா வேலை. எலாஸ்டிக்கை அப்படி இழுத்துத் தைச்சிருக்கா. அவளுக்கு இதெல்லாம் எங்க தெரியும்? நானும் நீயுமா உட்கார்ந்து கண்டுபிடிச்சோமோ, பொழைச்சோமோ!"

பழி முழுக்க என் தலையில். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். என் வாழ்நாளில் எந்தத் தையலுக்கும் எனக்கு இவ்வளவு கூலி கிடைத்ததில்லை.

அறிக்கை அச்சாகி வெளியே வந்தது. அதை எடுத்துக்கொண்டு, மேல் வீட்டுக்காரர் கண்ணில் படும்படி இரண்டு தடவை மாடிப்படி ஏறி இறங்கப் போனார். அந்த இடைவெளியில் போன் என் கைக்கு வந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுடா கண்ணா."

"மதியம் நான் கூப்பிட்டப்பவே பின்னாடி அந்தப் பாட்டுச் சத்தம் கேட்டுச்சே. அப்பவே ஓடிடுச்சு இல்ல?"

எனக்கு வேர்த்துவிட்டது. அப்புறம்தான் எனக்கும் பொறி தட்டியது.

"ஏண்டா, அப்பவே தெரியும்னா அப்புறம் எதுக்கு அந்த மனுஷனை அவ்வளவு நேரம் மேஜைக்கு அடியில தவழ விட்டே? கீபோர்டை முதல்லயே கேட்டிருக்கலாமே?"

"போன்ல அந்த பீப் கேட்டதுமே கீபோர்டுதான்னு தெரிஞ்சுடுச்சு. முதல்லயே கேட்டிருந்தா, உடனே வெச்சிருப்பாரேம்மா."

நாங்கள் இரண்டு பேரும், ஒருத்தருக்கொருத்தர் வாயே திறக்காமல், அந்த மனுஷனை மடக்கிவிட்டோம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சரிடா, உன்கிட்ட நிறையப் பேசணும். பாப்பாவுக்குப் பல் வந்தப்ப ஜுரம் வந்துச்சா? உன் பொண்டாட்டி நேரத்துக்குச் சாப்பிடறாளா? அப்புறம் நான்..."

"என்ன ரகசியம் அங்கே?" வாசலில் இவர். "குடு, குடு. பிரிண்டர்ல மை கம்மியா வருது. அவன்கிட்ட ஒரு நிமிஷம் கேட்டுட்டுத் தந்துடறேன்."

கொடுத்தேன். அது என் போன். ஆகிறது பத்து நாள், இன்னும் அவர் சட்டைப்பையில்தான் இருக்கிறது.